பெட்டி திறவாத பொம்மைகள்

விளையாடுவதற்கென்று வாங்கிய பொம்மையைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காமலேயே பாதுகாக்கிற பிள்ளைகள் இன்று நம்முடைய வீடுகளிலும் உண்டு. தாராவியின் ஒற்றை அறை வீடானாலும் பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்பானாலும், பாத்திரம் வைக்கவே இடம் போதாத அலமாரியின் மேல்தட்டில் நாலைந்து வண்ணப்பெட்டிகள் வரிசையாய் நிற்கின்றன. தூசி தட்டப்போகும் தாயாரை, "அம்மா, தொடாதீங்க, பெட்டியின் ஓரம் மடங்கினாலே விலை போய்விடும்" என்று மகன் தடுக்கிறான். அது என்ன விலை, யார் கொடுக்கிற விலை, ஏன் ஏறுகிறது என்று கேட்டால், தகப்பனுக்கு விளங்காத வார்த்தைகளில் பதில் வருகிறது. கடைசியில், "இது பொம்மை இல்லைப்பா, முதலீடு" என்று முடிக்கிறான்.

இதைக்குறித்து நம்முடைய சபைகளில் பொதுவாய் இரண்டு விதமான பதில்களே கேட்கப்படுகின்றன. "அது பிசாசின் உருவம், எரித்துப்போடு" என்பது ஒன்று. "சின்னப் பிள்ளை, போகட்டும்" என்பது மற்றொன்று. இரண்டுமே காரியத்தை ஆராய்ந்து சொல்லப்பட்ட பதில்கள் அல்ல. ஆகவே, பிள்ளைகளுடைய வாயில் அதிகமாய் அடிபடுகிற ஒரு பொம்மை வகையை எடுத்துக்கொண்டு, அதன் விலை எப்படி ஏறியது என்பதைச் சற்று விரிவாய்ப் பார்ப்பது பெற்றோருக்குப் பிரயோஜனமாயிருக்கும்.

சில்லு பதித்த சிறு உருவம்

ஜப்பான் தேசத்து நின்டெண்டோ நிறுவனம் மாரியோ முதலிய வீடியோ விளையாட்டுப் பாத்திரங்களை உண்டாக்கி உலகமெங்கும் விற்றுவருகிறது. அந்நிறுவனம் 2014 நவம்பர் 21-இல் அமெரிக்காவில் 'அமீபோ' என்ற பெயரில் உருவப்பொம்மைகளை வெளியிட்டது. முதல் தொகுதியில் 12 உருவங்கள். ஒவ்வொன்றின் விலை 12 டாலர் 99 சென்ட். அந்நாளைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 800 ரூபாய்.

உள்ளங்கையில் அடங்கும் இப்பொம்மையின் பீடத்துக்குள் ஒரு சிறு சில்லு பதிக்கப்பட்டிருக்கிறது. மெட்ரோ ரயில் நிலையத்தில் அட்டையை வைத்தவுடன் வழி திறக்கிறதே, அதே இனத்தைச் சேர்ந்த தொழில்நுட்பம்தான். பொம்மையை விளையாட்டுக் கருவியின்மேல் வைத்தால் திரையிலே ஏதாவது ஒரு சலுகை கிடைக்கும். உதாரணமாக, 2017-இல் வெளியான செல்டா விளையாட்டில், முதல் தொகுதியைச் சேர்ந்த லிங்க் என்னும் வீரனின் பொம்மையை வைத்தால் அவனுக்கு எப்போனா என்ற குதிரை வந்து சேரும். மற்றப் பொம்மைகளால் ஓர் உடை, ஓர் ஆயுதம், சிறிது உணவு என்று இவ்வண்ணமாய்க் கிடைக்கும்.

அந்தச் சில்லில் பயன்படுத்தத்தக்க நினைவிடம் 504 பைட்டுகள் மாத்திரமே. தமிழில் எழுதினால் இந்தப் பக்கத்தின் இரண்டு மூன்று வரிகளுக்குமேல் அதில் கொள்ளாது. இதே வகையான வெற்றுச் சில்லுகள் கடைகளில் மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. அமீபோவின் தகவலை அவற்றில் நகலெடுத்து விற்கிறவர்களும் உண்டு. பிறருடைய படைப்பை அனுமதியின்றி நகலெடுத்து விற்பது விசுவாசிக்குத் தகுந்த தொழில் அல்ல என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நான் இதை இங்கே குறிப்பிடுவதன் நோக்கம் வேறு. பொம்மை செய்கிற வேலையைச் சில ரூபாய்ச் சில்லு ஒன்றே செய்துவிடும் என்றால், ஆயிரக்கணக்கான ரூபாய் விலை அந்த வேலைக்காகக் கொடுக்கப்படுவதல்ல. அப்படியானால் எதற்காக?

விரும்பப்படாதவன் விலையேறிய கதை

முதலில் வந்த பன்னிரண்டு பேரில் மாரியோவையும் பிக்காச்சுவையும் எல்லாரும் அறிந்திருந்தார்கள். மார்த் என்ற வாள்வீரனையோ, வில்லேஜர் என்ற கிராமத்துப் பையனையோ, வீ ஃபிட் டிரெய்னர் என்ற உடற்பயிற்சி ஆசிரியையையோ அமெரிக்கப் பிள்ளைகளில் அநேகர் அவ்வளவாய் அறியவில்லை. ஆகவே இம்மூன்றும் குறைவாகவே கடைகளுக்கு அனுப்பப்பட்டதாகக் கருதப்பட்டது. விளைவு என்ன? எல்லாரும் நேசித்த மாரியோ எந்தக் கடையிலும் கிடைத்தான். ஒருவரும் தேடாதிருந்த மார்த்தைத் திடீரென்று எல்லாரும் தேடினார்கள். அவன் கிடைக்கவில்லை என்பதே அவனைத் தேடுவதற்குக் காரணமாயிற்று. 13 டாலர் பொம்மை ஏலத்தில் பலமடங்கு விலைக்குப் போயிற்று.

அதே ஆண்டு டிசம்பரில், சில உருவங்கள் முதல் இருப்பு தீர்ந்தபின் மறுபடியும் சந்தைக்கு வருவது சந்தேகம் என்றும், கடைகளின் தட்டுகளில் இடம் போதாததே காரணம் என்றும் நின்டெண்டோ தெரிவித்தது. இந்த ஒரு வார்த்தை நெருப்பிலே எண்ணெய் வார்த்ததுபோலாயிற்று. தொழிற்சாலையில் நேர்ந்த தவறும்கூட மதிப்பாய் மாறியது. ஒரு கையில் மாத்திரம் பீரங்கி இருக்கவேண்டிய சாமஸ் என்ற உருவம், தவறுதலாய் இரு கைகளிலும் பீரங்கியோடு வந்திருந்தது. அந்தப் பழுதுபட்ட பொம்மை சுமார் 2,500 டாலருக்கு, அதாவது நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று!

2015 ஏப்ரலில் அடுத்த தொகுதிக்கு முன்பதிவு தொடங்கியபோது, அமெரிக்காவின் பெரிய விளையாட்டுக் கடைத்தொடரான கேம்ஸ்டாப்பின் கணினி அமைப்பே கூட்டம் தாங்காமல் தடுமாறி நின்றது. அடுத்த மாதம் பிரிட்டனில் ஸ்பிளாட்டூன் என்ற விளையாட்டோடு சேர்ந்த விசேஷ அமீபோ பெட்டிகளை ஏற்றிவந்த லாரி திருடப்பட்டது. அங்குள்ள கேம் என்ற கடைத்தொடர், தன் வாடிக்கையாளர்கள் செய்திருந்த முன்பதிவுகளை ரத்துசெய்ய வேண்டியதாயிற்று. பூமியிலே சேர்த்துவைக்கிற பொக்கிஷத்தைக்குறித்துப் பேசும்போது நம்முடைய ஆண்டவர் திருடரையும் மறவாமல் சேர்த்துச் சொன்னார் அல்லவா! (மத். 6:19) பிளாஸ்டிக் பொம்மைக்காக லாரியைக் கடத்துவார்கள் என்று அந்நாட்களில் கேட்டவர்கள் ஒருவேளை நகைத்திருப்பார்கள்.

இனி இதன் மறுபக்கத்தைக் கவனியுங்கள். இந்தப் பொம்மைகள் உண்மையிலேயே அரிதானவையா? 2015 மார்ச் முடிய, வெளியான ஐந்து மாதங்களுக்குள்ளாகவே, ஏறக்குறைய 1 கோடியே 5 லட்சம் உருவங்கள் விற்பனைக்குச் சென்றுவிட்டன. அடுத்த நிதியாண்டில் ஏறக்குறைய 2 கோடியே 47 லட்சம். கோடிக்கணக்கில் வார்க்கப்படுகிற ஒரு பொருளில் ஒன்றிரண்டு வகைகள் மாத்திரம் சில மாதங்கள் கிடைக்காமற்போனது, அவ்வளவே. அச்சு நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. 2015-இலேயே அதே மார்த் மறுபடியும் கடைகளுக்கு வந்துசேர்ந்தான். "இனிமேல் வராது" என்று நம்பி ஐந்து மடங்கு, ஆறு மடங்கு கொடுத்து வாங்கினவர்கள், பழைய விலைச்சீட்டோடு அவன் தட்டிலே நிற்பதைக் கண்டார்கள்.

விலையின் கடிவாளம் யார் கையில்?

அதன்பிறகும் ஏற்றம் நின்றுவிடவில்லை. ஜப்பானில் மாத்திரம் 2017 பிப்ரவரியில் ஒரு விளையாட்டுத் தொகுப்போடு சேர்த்து விற்கப்பட்ட கியூபி என்ற உருவம் (ஒரு சதுரப்பெட்டிக்கு இரண்டு கண்களும் இரண்டு கால்களும் வைத்தால் அதுதான்!) சேகரிப்போரிடையே பலமடங்கு விலைக்குப் போனது. 2020-இல் கொள்ளைநோயின் நிமித்தம் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, அனிமல் கிராசிங் விளையாட்டுக்குரிய அமீபோ அட்டைகள் விலையேறின. 2021 மார்ச்சில் அமெரிக்காவில் விற்பனைக்கு விடப்பட்ட சான்ரியோ அட்டைகள் சில நிமிடங்களில் தீர்ந்துபோயின. காலையில் கடையில் வாங்கி மாலையில் இரட்டிப்பு விலைக்கு விற்கிறவர்களே அவற்றில் பெரும்பங்கை அள்ளிச் சென்றார்கள் என்ற மனஸ்தாபம் பெற்றோரிடையே பரவலாயிருந்தது.

இப்பொழுது கடையின் விலையே உயர்ந்துவிட்டது. 2025-இல் வெளியான ஸ்ட்ரீட் ஃபைட்டர் உருவங்களின் அமெரிக்க விலை ஒவ்வொன்றும் 39 டாலர் 99 சென்ட். பழைய அமீபோக்களின் விலையையும் அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நிறுவனம் அமெரிக்காவில் உயர்த்தியது. சந்தை நிலவரம் என்பதே சொல்லப்பட்ட காரணம். டாலர் கணக்கில் 2014-ஐவிட மூன்று மடங்கு. ரூபாயின் மதிப்பும் இதற்கிடையில் இறங்கிவிட்டபடியால், 800 ரூபாயில் தொடங்கியது 2025-இல் நமக்கு ஏறக்குறைய 3,400 ரூபாய் ஆயிற்று. நான்கு மடங்குக்கும் மேல்.

"பார்த்தீர்களா, விலை ஏறத்தானே செய்கிறது" என்று பிள்ளை சொல்லக்கூடும். கடையில் புதிய பொம்மையின் விலை ஏறுவது ஒரு காரியம். நம்மிடமுள்ள பழைய பொம்மையை அந்த விலைக்கு ஒருவர் வாங்குவது முற்றிலும் வேறொரு காரியம். முன்னதை நிறுவனம் தீர்மானிக்கிறது. பின்னதையும் பெரும்பாலும் நிறுவனமே தீர்மானிக்கிறது என்பதைத்தான் பிள்ளைகள் அறியாதிருக்கிறார்கள். மறுபடியும் வார்த்து விற்பேன் என்று அது ஒரு நாள் அறிவித்தால் போதும். 2025 ஜூனில் சீனாவின் பெய்ஜிங் நகரில் மனித உயரமுள்ள லபுபு பொம்மை ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு ஏலம் போனதைப் பத்திரிகைகள் எழுதின. அதே மாதத்தில் அதன் நிறுவனம் சிறிய லபுபுகளைப் பெருமளவில் மறுபடியும் விற்பனைக்கு விட்டதும், வெளிச்சந்தையில் அவற்றின் விலை சரிந்ததை அவ்வளவு பெரிய எழுத்தில் யாரும் எழுதவில்லை.

நிறுவனம் கையை விட்டுவிட்டால் இன்னொரு விதமான முடிவு நேரிடும். அமீபோவுக்கு முன்பே, 2011-இல் ஸ்கைலாண்டர்ஸ் என்ற உருவங்கள் இதே முறையில் வந்து பெருவெற்றி பெற்றன. 2013-இல் டிஸ்னி நிறுவனம் இன்ஃபினிட்டி என்ற வரிசையைத் தொடங்கிற்று. 2016 மே மாதத்தில் அதை முற்றிலுமாய் நிறுத்திவிட்டு, 14 கோடியே 70 லட்சம் டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. லீகோ நிறுவனப் பெயரில் 2015-இல் வந்த டைமென்ஷன்ஸ் 2017-இல் முடிந்துபோயிற்று. உலகப் புகழ்பெற்ற டிஸ்னியின் முத்திரை இருந்தும், கிடங்கில் தேங்கின பொம்மைகள் தள்ளுபடிக் கூடைகளுக்கே வந்தன.

இன்னும் பின்னோக்கிப் போனால், 1990-களின் அமெரிக்காவில் பீனி பேபீஸ் என்ற துணிப்பொம்மைகளின்மேல் ஜனங்கள் பைத்தியமாயிருந்தார்கள். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கென்று அவற்றை வாங்கிச் சேர்த்த குடும்பங்களும் உண்டு. 1999-இல் லாஸ் வேகாஸ் நகரத்து நீதிமன்றத்தில், விவாகரத்தான ஒரு தம்பதியர் தங்கள் பீனி பொம்மைகளைத் தரையிலே கொட்டி, குந்தியிருந்து, ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு என்று பங்கிட்டுக்கொண்ட புகைப்படம் உலகமெங்கும் வெளியானது. விவாகம் முறிந்துபோயிற்று, பொம்மையை விட மனதில்லை. சில ஆண்டுகளுக்குள் அவற்றில் பெரும்பாலானவை வாங்கின விலைக்கும் போகவில்லை.

நம் தமிழ்நாட்டாருக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. ஈமு கோழி என்று சொன்னாலே கொங்குநாட்டு விசுவாசிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்தக் கோழியின் இறைச்சியை உண்பவர் எத்தனை பேர், முட்டையை வாங்குபவர் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்து ஒருவர் வந்து குஞ்சுகளை வாங்குவார் என்பதே கணக்காயிருந்தது. 2012-இல் அடுத்தவர் வராமற்போனார். உண்ணப்படாத கோழிக்கும், விளையாடப்படாத பொம்மைக்கும் விலை ஒரே ஊற்றிலிருந்துதான் வருகிறது.

ஒரு குடும்பக் கணக்கு

மகன் முதலீடு என்று சொன்னால் கோபப்படாமல், காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவனோடு உட்காருங்கள். 3,400 ரூபாய்ப் பொம்மையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுப்புங்கூலி 600 என்று வைத்துக்கொள்வோம். ஆகமொத்தம் 4,000. இந்தியாவில் பொம்மைகளின் இறக்குமதிச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. சுங்கத்தில் பொம்மை என்று மதிப்பிடப்பட்டால் இதற்கே 2,800 ரூபாய். மற்ற வரிகளைச் சுருக்கமாய்ச் சேர்த்தாலும் 7,000 ரூபாய்க்குக் குறையாது. ஐந்து ஆண்டுகள் தொடாமல் காத்து 10,000 ரூபாய்க்கு விற்றான் என்று கொள்வோம். அமெரிக்க விலையைப்போல் இது மூன்று மடங்கு. ஆகவே இந்த அனுமானம் தாராளமானதே. தரகும் அனுப்புங்கூலியும் 1,000 போனால் கையில் 9,000. அதே 7,000 ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டுவட்டியில் போட்டிருந்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் 9,800 ரூபாய்க்கும் மேல் இருந்திருக்கும். வங்கியிலே போட்ட பணத்துக்குப் பெட்டி மடங்குமோ என்ற பயமும் இல்லை.

எங்கே விற்பது என்பதும் கேள்விதான். ஈபே நிறுவனத்தின் இந்திய உள்நாட்டுத் தளம் 2018 ஆகஸ்டிலேயே மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டு ஏலத்தில் ஒருவர் கேட்டிருக்கிற விலையைப் பார்த்துப் பிள்ளைகள் தங்கள் செல்வத்தை எண்ணுகிறார்கள். கேட்கிற விலை ஒன்று, உண்மையாய் விற்று முடிந்த விலை வேறொன்று. நம்முடைய தாய்மார் ஒரு சவரன் நகையைச் சேர்த்தால், மருத்துவச் செலவு வந்த இரவிலே எந்த ஊர் அடகுக்கடையிலும் அதை வைத்துப் பணம் வாங்கலாம். மார்த்தை எந்த அடகுக்கடைக்காரர் வாங்குவார்?

பெட்டிக்குள் பத்திரமாயிருக்கும் என்பதும் முழு உண்மை அல்ல. இத்தகைய உருவங்களில் பெரும்பாலும் பயன்படுகிற மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக்கில் அதை இளக்கிவைக்கும் ஒரு பொருள் கலந்திருக்கிறது. காற்றோட்டமில்லாத பெட்டியில், மும்பையைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில், அது மெதுவாய் மேற்பரப்புக்குக் கசிந்து பொம்மை பிசுபிசுப்பாகும். சில்லைச் செய்கிற நிறுவனம் அதிலுள்ள தகவல் நிலைத்திருப்பதற்கு உறுதி கூறும் காலமும் 10 ஆண்டுகளே. அதன்பின் உடனே அழிந்துவிடும் என்பதல்ல. ஆனால் 2014-இல் வாங்கப்பட்ட பொம்மைகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. வனாந்தரத்தில் மறுநாளைக்கென்று எடுத்துவைத்த மன்னாவுக்கு நேர்ந்ததை வாசித்திருக்கிற நமக்கு (யாத். 16) இது புதிய செய்தி அல்ல.

பிசாசு எங்கே இருக்கிறான்?

இப்பொழுது, எரித்துப்போடச் சொல்லுகிற சகோதரருக்கு வருவோம். அவருடைய வைராக்கியத்தை நான் அசட்டை பண்ணவில்லை. சில விளையாட்டுகளின் கதைகளிலே மாந்திரீகமும், இரத்தமும், நிர்வாணமும் உண்டு. அவற்றைப் பெற்றோர் ஒவ்வொன்றாய்ச் சோதித்தறியவே வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் உருவத்துக்குள்ளே ஆவி வாசம்பண்ணுகிறது என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவது, விக்கிரகம் ஒன்றுமில்லை என்று கொரிந்தியருக்கு எழுதின அப்போஸ்தலனுடைய போதனைக்கு ஒத்ததாய் எனக்குத் தோன்றவில்லை (1 கொரி. 8). மேலும், பி.வி.சி.யை எரித்தால் எழும்புகிற புகை கொடிய நஞ்சு. வீட்டு மாடியிலே அதைக் கொளுத்தி, ஆஸ்துமாக்காரரான அண்டை வீட்டாருக்கு நாம் என்ன சாட்சி சொல்லப்போகிறோம்?

எபேசு பட்டணத்துக் கதையை மறுபடியும் வாசித்துப்பாருங்கள் (அப். 19). தெமேத்திரியு என்ற தட்டான் தியானாளின் சிறிய வெள்ளிக் கோவில்களைச் செய்து விற்றுவந்தான். பவுலின் பிரசங்கத்தால் அவனுக்குக் கலக்கம் உண்டானபோது, தன் தொழிலாளரைக் கூட்டி அவன் முதலாவது பேசினது எதைப்பற்றி? தேவியைப்பற்றி அல்ல, தங்கள் பிழைப்பையும் வருமானத்தையும்பற்றி. தேவியின் மகிமை பிற்பாடுதான் வருகிறது. சிறிய உருவங்களின் வியாபாரம் எக்காலத்திலும் இப்படியே இருந்திருக்கிறது. பொருளாசையைப் பவுல் விக்கிரகாராதனையோடு ஒன்றாய் எண்ணுகிறார் (கொலோ. 3:5). அமீபோவுக்கு ஒருவனும் தூபங்காட்டுவதில்லை. ஆனால் காலையில் எழுந்தவுடன் ஜெபத்துக்கு முன்பாக ஏல விலையைப் பார்க்கிற வாலிபனுடைய இருதயத்திலே எது முதலிடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை ஆவியானவர்தாமே அவனுக்கு உணர்த்தவேண்டும்.

இதிலே இன்னொரு பாவமும் மறைந்திருக்கிறது. அதைப்பற்றிப் பேசுவோர் குறைவு. கடையிலுள்ளதையெல்லாம் அள்ளிக்கொண்டு, கிடைக்காத நிலையை உண்டாக்கி, உண்மையாய் விளையாட விரும்புகிற ஒரு பிள்ளையின் தகப்பனிடம் மூன்று மடங்கு வாங்குகிற வியாபாரம் அது. விளைச்சலைப் பூட்டிவைத்து விலையேற்றத்துக்குக் காத்திருப்பவன்மேல் ஊராரின் சாபம் வரும் என்று சாலொமோன் எச்சரிக்கிறார் (நீதி. 11:26). பொம்மை தானியம் அல்ல, அது இல்லாமல் ஒருவரும் பட்டினியாய்ச் சாவதில்லை என்று வாதிக்கலாம். அது மெய்தான், குற்றத்தின் அளவும் அதற்கேற்பச் சிறியதே. ஆயினும் பதினைந்து வயதிலே பொம்மையில் பழகிய கை, முப்பது வயதிலே மருந்திலும் அரிசியிலும் அதையே செய்யத் தயங்காது. கொள்ளைநோய்க் காலத்திலே ஆக்சிஜன் உருளையைப் பதுக்கினவர்களும் ஒரு காலத்தில் பிள்ளைகளாயிருந்தவர்களே.

பிள்ளைகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதைப் பெற்றோர் ஒத்துக்கொள்ளவேண்டும். சொந்த ஊரிலே இருந்திருந்தால் தெருவிலே விளையாட்டு, பாட்டி வீட்டு முற்றம், ஆற்றங்கரை என்று எத்தனையோ இருந்திருக்கும். நகரத்திலே, பாஷை தெரியாத அக்கம்பக்கத்தார் நடுவே, தாயும் தகப்பனும் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிற குடும்பத்திலே வளருகிற பையனுக்கு, ஆங்கிலப் பள்ளியில் வசதியுள்ள தோழர்களோடு சமமாய்ப் பேசுவதற்குக் கிடைத்த ஒரே பேச்சு இந்தப் பொம்மைகளாய் இருக்கக்கூடும். அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்திலே ஒன்றையும் வைக்காமற்போனால், வெறுமையான வீட்டுக்குத் திரும்பிவந்த ஆவியின் உவமையை நினைத்துக்கொள்ளவேண்டியதாகும்.

ஆகவே என் ஆலோசனை எளிமையானது. பிள்ளை விரும்புகிற பாத்திரம் ஒன்று இருந்து, குடும்பத்தின் வரவு இடங்கொடுக்குமானால், பிறந்தநாளுக்கு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஆனால் அன்றைக்கே பெட்டியைத் திறக்கவேண்டும் என்பது நிபந்தனையாயிருக்கட்டும். திறந்த பொம்மைக்குச் சேகரிப்போர் சந்தையில் விலை குறைவு. வீட்டுக்குள் அது பொம்மையாகவே இருந்துவிடும். ஞாயிறு பள்ளிக்கு வருகிற தம்பி தங்கைகளும் அதைக் கையிலெடுத்து விளையாடலாம். பள்ளிக் கட்டணத்துக்கும், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்புகிற பணத்துக்கும், தசமபாகத்துக்கும் பின்னால்தான் இதற்கு இடம் என்பதை மாதக் கணக்கைக் காண்பித்தே சொல்லுங்கள். கணக்கைப் பார்த்த பிள்ளை கேட்கிற கேள்விகள் பிரசங்கம் கேட்ட பிள்ளையின் கேள்விகளைவிடச் சில வேளைகளில் ஆழமாயிருக்கும்.

முன்னமே பெட்டி பெட்டியாய்ச் சேர்த்துவிட்டவர்கள் என்ன செய்வது? விற்பதில் தவறில்லை. அநேகர் விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தே மறுவெளியீட்டு அறிவிப்பில் அகப்பட்டுக்கொள்ளுகிறார்கள். விற்பதென்று தீர்மானித்தால் உண்மையாய் விற்று முடிந்த விலையைக் கேட்டறிந்து, நியாயமான தொகைக்குக் கொடுத்துவிடலாம். பெட்டியிலே மடிப்போ, பொம்மையிலே பிசுபிசுப்போ இருந்தால், வாங்குகிறவர் கேட்குமுன்னே அதைச் சொல்லிவிடவேண்டும்.

விலை ஏற ஏறப் போலிகளும் பெருகுகின்றன. எழுத்துப்பிழையுள்ள பெட்டி, ஒழுங்கற்ற வர்ணம், கருவியில் வைத்தால் வாசிக்கப்படாத சில்லு ஆகியவை அடையாளங்கள். பெட்டியைத் திறந்தாலொழியச் சில்லைச் சோதித்துப்பார்க்கமுடியாது; திறந்தால் விலை போய்விடும் என்று ஒருவரும் திறப்பதில்லை; அதனால் ஒரே போலி நாலைந்து கைகள் மாறி, ஒவ்வொரு கையிலும் சற்றே விலையேறி, ஒருவருக்கும் தெரியாமல் உலாவுகிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் நம் தேசத்தில் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. வீதியோரத்துப் போலிகளில் அதை எதிர்பார்க்க முடியாது, அவற்றின் வர்ணத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கும் உத்தரவாதமில்லை. உங்கள் பிள்ளையின் அலமாரியில் அப்படி ஒன்று இருப்பதாகக் கண்டுபிடித்தால், கொடுத்த ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாயை எப்படியாவது மீட்கவேண்டும் என்று அவன் மனம் துடிக்கும். அதை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு விற்க அவனை அனுமதிக்காதீர்கள். நஷ்டத்தில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மீதியை மாதாமாதம் அவன் கைச்செலவுப் பணத்திலிருந்து எழுதிக் கழித்துவிடுங்கள்.